ஐந்தரைக் கட்டை

மேட்டூரை மூடிவிட்டால் எனக்கு மதகில் வேலை கிடையாது.
தினக்கூலி லஸ்கர்.
ஆற்றில் தண்ணி இல்லாத மாதங்களில்
கலியமூர்த்தி மைக்செட்டோடு போவேன்.
பங்குனியில் கோரையாறு வெறும் மணல்.
மணலில் மேடை, ஜெனரேட்டர், நூற்றைம்பது நாற்காலி.
கரைக்கு மேலே உளுந்து காய்ந்துகொண்டிருந்தது.

என் கால்மாட்டில் அந்தப் பெட்டி.
டிபன் பாக்ஸ் அகலம், மூன்று குமிழ், ஒரு மிதி.
திருச்சியில் பழசாக வாங்கியது; அடியில்
யாரோ ஆணியால் கீறிய பேர் பாதி அழிந்திருக்கும்.
வாயிலிருந்து கிளம்பிய குரல்
ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்வதற்குள்
இது அதைத் தொட்டுவிடும்.
தாழ்ந்தால் தூக்கும். எகிறினால் அமுக்கும்.
கேட்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

எனக்குப் புரிந்தபடி சொன்னால்:
பன்னிரண்டு வாய்க்கால்.
பாட்டுக்கு வேண்டிய ஏழைத் திறந்து
மீதி ஐந்துக்குப் பலகை போட்டாச்சு.
வரப்பில் வழிகிற தண்ணி
பக்கத்து வாய்க்காலில் இறங்கித்தான் ஆகணும்.
வேகக் குமிழைத் தணித்து வைத்தால் சரிந்து இறங்கும்.
முழுக்கத் திருகினால்
மாடிப்படியில் உருண்ட சொம்பு.

சகாயமேரிக்கு ஐந்தரைக் கட்டை.
முந்தாநாள் வலங்கைமான், நேற்று பேரளம்.
மிளகு அதக்கிய கன்னத்தோடு என் பக்கம் திரும்பி
இரண்டு விரலைக் காட்டுவாள்: இன்னும் ரெண்டு.
நான் திருகுவேன்.
மேலே போகையில் அவள் வழுக்குவது
அவளுக்கும் எனக்கும் பெட்டிக்கும் மட்டும் தெரியும்.

பத்து மணிக்குக் கவுன்சிலர் மைக்கை வாங்கினார்.
மிதியை அணைக்க மறந்திருந்தேன்.
"பெருமக்களேஏ" என்றது
ஐந்தரைக் கட்டையில் கணீரென்று விழுந்தது.
பிள்ளைகள் மணலில் புரண்டு சிரித்தார்கள்.
எனக்கும் சிரிப்பு.
அணைக்க மறந்தது அதுவரைதான்;
அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் மேடையேறினாள்.
ஒரு கையில் ஒற்றைச் செருப்பு, சின்னது.
மறுகையால் மைக்கை, கயிற்றைப் பிடிப்பதுபோல் பிடித்து,
"அப்பூ" என்றாள்.

அவள் குரல் எந்தக் கட்டையிலும் இல்லை.
இரண்டு வாய்க்காலுக்கு நடுவே
காய்ந்த வரப்பில் ஓடியது.
பெட்டி அதை அள்ளிப் பஞ்சமத்தில் நிறுத்தியது.
"அப்பூஊஊ."
எதிரொலி வேறு.
யாரோ விசிலடித்தான். கை தட்டினார்கள்.
கீபோர்டு செந்தூரன், கைப்பழக்கம்,
கீழே ஒரு கார்டு பிடித்துக் கொடுத்தான்.

இரண்டாம் முறை கூப்பிட்டாள்.
எவ்வளவு உடைந்ததோ அவ்வளவு இனித்தது.
பாதியில் நிறுத்திவிட்டுப்
பின்னால் திரும்பிப் பார்த்தாள்,
பாடுவது யார் என்று.

நான் மிதித்தேன்.
மிதிக்க ஒரு நொடி போதும்;
கால் எடுத்துவைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனதென்று
இப்போதும் கணக்கு வரவில்லை.

மூன்றாவது கூப்பாடு அப்படியே போனது,
கரகரப்பு, எச்சில், மூச்சு முட்டல் எல்லாமாக.
கரையில் நாய் குரைத்தது.
ஆறு கண் மதகின் நாலாவது கண்ணுக்குள்ளிருந்து,
நான் கிரீஸ் போடுகிற ஷட்டருக்கு அடியிலிருந்து,
முழங்கால் முழுக்கப் பாசிப்பொருக்கோடு ஒருவன் வந்தான்.
ஐந்து வயது இருக்கும்.
உள்ளே கத்தினால் திரும்பிக் கேட்குமாம்.
"முன்னாடியே கூப்பிட்டேனேடா!"
"அது பாட்டுன்னு நெனச்சேன்."

அவள் அவனை அடித்தாள், செருப்பை மாட்டிவிட்டாள்,
கூட்டத்துக்குள் போய்விட்டார்கள்.

அடுத்த பாட்டுக்கு சகாயமேரி வந்து நின்றாள்.
நான் மிதியிலிருந்து காலை எடுத்து
மணலில் புதைத்துக்கொண்டேன்.
குனிந்து, மைக்கைக் கையால் பொத்தி,
"அந்தம்மாவுக்கு வேணாம்.
எனக்கு நாளைக்கு முத்துப்பேட்டை இருக்கு.
போடு" என்றாள்.

இரண்டு விரலைக் காட்டினாள்.