குலுக்கல் நாள்

இந்த வருஷம் ஜவ்வாது மலைக்கு
நாலே கடமான்.
மனுக்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
நாலை நாற்பதாக்கிச் சொல்கிறது
கோட்டை அகழிக்கு எதிரே டீக்கடை.

சீட்டு எழுதுவது நான்.
விழாமல் போனவனுக்கு மறுவருஷம்
ஒரு சீட்டு கூடுதல். அது விதி.
பேர்ணாம்பட்டு தோல் ஷாப் கவுஸ் மொகிதீனுக்கு
இப்போது ஒன்பது.
‘ஒன்பது மடங்கு, இல்லையா சார்?’
கூடவே தோற்றவர்களுக்கெல்லாம்
கூடியே வந்திருப்பதை
அவரிடம் எப்படிச் சொல்ல.
எல்லாரும் எக்கி நின்றால்
எவனுக்கும் தேர் தெரியாது.

பிஸ்கட் டின் குலுங்குகிறது.
ரேஞ்சரின் மகள், ஆறு வயது,
முழங்கை வரை கைவிட்டுத் துழாவுகிறாள்.
மூன்று பேர் வந்தாயிற்று.
நாலாவது
காட்பாடி ரயில்வே கார்டு ஞானசிகாமணி.
முதல் மனு, ஒற்றைச் சீட்டு.
துப்பாக்கியே இன்னும் வாங்கவில்லையாம்.

கவுஸ் மொகிதீன்
மூன்று ரூபாய் எண்ணி வைத்தார்,
அடுத்த வருஷத்துக்கு.
ரசீதின் மையை ஊதிக் காயவைத்தபடி
‘பத்து’ என்றார்.

ஆபீஸ் பூட்டும் நேரம் டின்னைக் கவிழ்த்தேன்.
எல்லாம் கொட்டியது.
அடியில், பழைய பிஸ்கட் பிசுக்கில்,
ஒன்று மட்டும் ஒட்டிக் கிடந்தது.
என் கையெழுத்துதான்.
மடிப்புக்கு வெளியே தெரிந்தது
‘க’வின் வளைவு.

பேரேட்டைத் திறந்து எண்ணினேன்.
‘க’வில் தொடங்குபவர்
முப்பத்தோரு பேர்.

பிரிக்கவில்லை.