இரண்டு 0A80

ராணிப்பேட்டையிலிருந்து ஒன்று,
திருப்பத்தூரிலிருந்து ஒன்று.
இரண்டு மெயின்ஃப்ரேம்களின் வரையறைக் கோப்புகள்
காட்பாடியில் என் திரைக்கு வந்திருக்கின்றன,
ஒன்றாக்கிக் கொடு என்று.

இரண்டு வங்கிகள் போன ஆவணியில்
மாலை மாற்றிக்கொண்டன.
சீர்வரிசையை அடுக்குவது நாங்கள்.
ஒரு மாவட்டத்தை மூன்றாக்கியபோது
இவ்வளவு நாள் ஆனதாய் நினைவில்லை.
இரண்டை ஒன்றாக்க இது ஒன்பதாவது வாரம்.

அங்கே 0A80 என்றால் வட்டு.
தோல் கிடங்குக் கடன் முழுக்க அதில்தான்.
இங்கே 0A80 என்றால் நாடா ஓட்டி.
ஒரே கதவு எண்ணில் இரண்டு குடும்பம்;
தெரு வேறாய் இருந்தவரை தபால் சரியாய்ப் போனது.
இனி ஒரே தெரு.

"எங்க வட்டு நகராதும்மா" என்கிறார்
ராணிப்பேட்டை எபினேசர், போனில்,
மாப்பிள்ளை வீட்டுக் குரலில்.
சரி, நாடாவுக்கு 1A80.
பூஜ்யம் இருந்த இடத்தில் ஒரு ஒன்று.
அந்த ஒன்றுக்காக நாற்பத்திரண்டு ஜாப்களைத்
திறந்து மூடினாள் குணவதி.

வெளியே வேலூர் வெயிலை
செருப்போடு கழற்றிவிட்டு
உள்ளே சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறோம்.
தரைப்பலகையைத் தூக்கினால் மஞ்சள் கேபிள்கள்.
கோப்பில் இருக்கும் பாதை தரையில் இல்லை,
தரையில் இருக்கும் பாதை கோப்பில் இல்லை.
பாலாறு மாதிரி என்றான் யாரோ. யாரும் சிரிக்கவில்லை.

01F0: வரி அச்சுப்பொறி, குடியாத்தம்.
அந்தக் கிளையையே மூடிவிட்டார்கள்.
அச்சுப்பொறி எடைக்குப் போனது,
கதவில் நுழையாமல் ஜன்னலைப் பெயர்த்து.
நீக்கு என்றேன்.
நிஜமாகவா என்று ஒருமுறை கேட்டது.
நிஜமாகத்தான்.

ஒன்றாந்தேதி, சனி இரவு இரண்டு பத்து.
புது வரையறை உயிர்பெற்றது.
எபினேசர் லட்டுப் பெட்டியைத் திறந்தார்.

மூன்று நாற்பதுக்கு ஒரு ஜாப் விழுந்தது.
பீடித் தொழிலாளர் ஓய்வூதியம், ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேர்.
01F0 என்று ஒரு சாதனமே கிடையாது என்றது திரை.

"இன்னா மேடம், அத்த எடுத்துட்டீங்களா?"
நைட் ஆபரேட்டர் தஸ்தகீர், கையில் பாதி லட்டு.
"மாசாமாசம் கேக்கும் மேடம்.
01F0 வரல, வேற சொல்லுன்னு.
நான் 000E-ன்னு அடிப்பேன். பூடும்."
யார் சொன்னது?
"ஸ்கிரீன் ஓரத்துல சீட்டு ஒட்டியிருந்துச்சு."
சீட்டு எங்கே?
"அந்த ஸ்கிரீனத்தான் எடைக்குப் போட்டாச்சே."

வராதவன் பெயர் பதிவேட்டில் இருந்தால்
அவனுக்குப் பதில் யார் என்றாவது கேட்கலாம்.
பெயரையே அடித்துவிட்டால்
கேள்விகூட எழாது.
எனக்கு இது தெரியும். கையேட்டிலேயே இருக்கிறது.
தஸ்தகீரின் ஒற்றை விரல் எந்தக் கையேட்டிலும் இல்லை.

இல்லாத 01F0-வைத் திரும்பச் சேர்த்தேன்,
பாதை இல்லாமல், கேபிள் இல்லாமல்.
விளக்கம் எழுத முப்பத்திரண்டு எழுத்து இடம்.
தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தேன்:
இல்லை. ஆனால் கேட்கிறார்கள்.
இருபத்தைந்து ஆனது. ஏழு காலியாய் விட்டேன்.

நான்கு இருபதுக்கு ஜாப் மறுபடி கேட்டது.
தஸ்தகீர் லட்டுக் கையைப் பேன்டில் துடைத்துக்கொண்டு
000E அடித்தான்.

ஸ்டேஷன் அறிவிப்பு மூன்று மொழிகளில் கேட்கிற நேரம்.
குணவதி சால்வைக்குள் தூங்கிவிட்டாள்.
நான் நீக்கியவை இன்னும் பதினேழு இருக்கின்றன.
பட்டியலை எடுத்து முதல் வரியில் விரல் வைத்தேன்.
"தஸ்தகீர், 02C4 எப்பவாவது கேட்டிருக்கா?"
அவன் மேலே பார்த்து யோசிக்கிறான்.