எந்த நாள் ரேட்டு

பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றின் பின்பக்கம்
இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
இடப்பக்கம் ஷில்லிங், வலப்பக்கம் குவாச்சா.
இரண்டையும் கையால் தொட்டதில்லை.

விஜயரத்தினம் தியோலோவில் இருக்கிறார். மலாவி.
அங்கேயும் தேயிலைதான்,
அங்கேயும் மழைக்கு முதல்நாள் முதுகு வலிக்குமாம்.
டிரையர் மெக்கானிக். கம்பனி கென்யாக்காரனுடையது:
சம்பளம் பேசியது ஷில்லிங்கில்,
கையில் கொடுப்பது குவாச்சாவில்.
ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பார்.
முதலில் பிள்ளைகள்,
அப்புறம் காய்ச்சல் சளி,
அப்புறம் ரேட்டு.
பென்சிலைத் தேடுவதற்குள் காசு தீர்ந்து
லைன் வெட்டிய வாரங்களில்
கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, வைகாசி.
போன வாரம் ஒன்றுக்கு இரண்டு,
இந்த வாரம் மூன்று.
தப்பாக எழுதிவிட்டேன் என்றான் பெரியவன்.
இல்லை. ஒரே இராத்திரியில்
ஒரு நாடு தன் பணத்தை இறக்கி வைத்துவிட்டது.
கூடையை இறக்கினால் தோளுக்காவது சுகம்.

"அப்ப உங்களுக்கு மூணுல்ல தரணும்?"
அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல்.
"கையெழுத்து வச்ச அன்னைக்கு ரேட்டுதான் புள்ள.
ரெண்டு."

அடுத்த வருடம் நாலரை. அவருக்கு ரெண்டு.
பிறகு ஐந்தைத் தாண்டி ஏழுக்கு வந்து
ஏழிலேயே வருடக்கணக்காய்ப் படுத்துக் கிடந்தது,
எழுப்பினாலும் எழும்பாத சினைமாடு மாதிரி.
புது ஒப்பந்தத்தில் ஏழு என்று எழுதிக் கொடுத்தார்கள்.
ரோதைமுனிக்கு நேர்ந்த சேவலைக் கொடுத்தேன்.
சேவலும் விலை ஏறித்தான் இருந்தது.

இருபத்திரண்டு சித்திரையில் மூன்றாவது கோடு.
அடிமட்டம் கிடைக்கவில்லை, கோணலாய்ப் போட்டேன்.
அது நம் ரூபாய்.
"ஆயிரம் ஷில்லிங் அங்க மூவாயிரத்துக்கிட்ட வருதாம்!
பணக்காரங்க ஆயிட்டோம்டி!"
நான் பொகவந்தலாவையில், மண்ணெண்ணெய் வரிசையில்.
எனக்கு முன்னால் நாற்பது கேன்,
ஒரே கயிற்றில் கோத்தபடி.
சிரித்தேன். பின்னால் நின்ற ஞானபாக்கியம்
ஏன் சிரிக்கிறாய் என்று கேட்கவில்லை.
ஹட்டன் ஸ்டாண்டில் பக்கத்து பஸ் பின்னால் போனால்
நம் பஸ் புறப்பட்டதாய்த் தோன்றுமே,
அவ்வளவுதான் அந்தப் பணக்காரத்தனம்.

அடுத்த வருடம் கார்த்திகையில் மறுபடி இறக்கினார்கள்.
ஏழே முக்கால் இருந்தது பதினொன்று.
பங்குனியில் ஷில்லிங் தன்பாட்டுக்கு எழுந்து நிற்க
பதின்மூன்று.
ஒப்பந்தத்தில் ஏழு.
ஏழாம் வகுப்புவரை படித்தவள், கழிக்கத் தெரியும்.
கழித்தது எங்கே போய் உட்காருகிறது
என்பதுதான் புத்தகத்தில் இல்லை.

அந்தக் கிழமை, மத்தியான நிறுவை.
முள் காட்டியது பதினொன்றரை.
கணக்கப்பிள்ளை ஜெரோம் எழுதியது ஒன்பது.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று,
அரை சும்மா.
மூன்று வாரமாய் மலையில் ஒரு துளி இல்லை,
புழுதி வேட்டியெல்லாம் சிவப்பு.
பின்னேரமும் இப்படி வெட்டினால்
பதினெட்டு வராது, அரைப் பேர்தான்.

"இது எந்த நாள் ரேட்டுங்க?"

"ரேட்டா? என்ன ரேட்டு?"

"தண்ணிக்கு வெட்டுறீங்களே.
எந்த மழையோட ரேட்டு?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.
ஞானபாக்கியம் முன்னால் வந்து
தன் சாக்கைத் திரும்பத் தராசில் மாட்டினாள்.
அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி
அவிழ்த்த படங்கைக் கட்டாமல் நின்றாள்.
ஜெரோம் பேனாவை மூடினார், திறந்தார்.

ஞாயிறு.
இப்போது வாட்ஸ்அப், காசு தீர்வதில்லை,
சிக்னல்தான் போகிறது.
பக்கம் நிறைந்துவிட்டதால் ஓரத்தில் எழுதினேன்
பதின்மூன்று என்று.
அதற்குக் கீழே, சின்னதாக, பத்தரை.
அது என்னவென்று அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன்.
திரையில் அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது,
ஏதோ கேட்கப்போகிற வாயோடு.