முந்தைய ஆள்

கிரிம்ஸ்பியில் மழை விட்ட சனிக்கிழமை
டிரெய்லரோடு வந்தாள் ஹெஸ்டர்.
கராஜ் விளக்கு இரண்டுமுறை கண்சிமிட்டி எரிந்தது.

சேசிஸைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்தாள்,
தர்பூசணி வாங்குகிறவள் போல.
கதவுகள் இன்னும் அட்டைப்பெட்டியில்.
பதினோரு வருடம், என்றேன்.
வருடங்களுக்கு அவள் விலை போடவில்லை.

"எல்லா வயரும் சிவப்பு.
எந்தப் புண்ணியவான் வேலை இது?"
முந்தைய ஆள், என்றேன்.

முந்தைய ஆள், டார்பி நெவில்,
வயரைத் தொட்டதேயில்லை.
வளைந்த ஸ்டியரிங் தண்டைக் காட்டியபோது
அவரும் என்னிடம் அதையேதான் சொன்னார்:
முந்தைய ஆள்.

ஆயிரத்து நூறு பவுண்டு. எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

தன் காலால் ஒரு மைல் ஓடாத கார்
மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது,
ஒவ்வொரு தடவையும்
இன்னொரு வண்டியின் முதுகில்.
தெருமுனையில் தார்ப்பாய் ஒருபக்கம் எழும்ப
விளக்கு வைக்காத கண்குழி
என் பக்கம் திரும்பிப் போனது.

இப்போது கராஜில் தாராளமாய் இடம்.
சைக்கிளை நிறுத்தினேன்; தொலைந்துபோனதுபோல் நிற்கிறது.

ஜாம் பாட்டிலில் ஏழு நட்டு மிச்சம்.
எதற்கானவை என்று
அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்.

எனக்குத் தெரிந்திருந்தால்.