மற்ற ஒன்பது பேர்

ஆகஸ்டு முப்பத்தொன்று, காலைப் பூசை.
ஊத்தான் மெலிந்தாங் கோவிலில்
மாதா சுரூபத்துக்கு வலப்பக்கம்
கொடியை நட்டவன் என் மகன் பெலிக்ஸ்.
வாளியில் மணல் நிரப்பி
கம்பைச் சுற்றி அழுத்தி அழுத்தி
சாயவில்லை என்று
இருமுறை தள்ளிநின்று பார்த்தான்.
பதினாறு வயது.
எட்டு நாள் பிள்ளையாய் என் கைக்கு வந்தவன்.
பெற்றவள் எங்கும் பேர் எழுதாமல் போய்விட்டாள்.
குடிமகன் அல்ல என்கிறது பிறப்புப் பத்திரம்,
மலாயில் அது இரண்டே சொல்.

பாதர் வாசித்தார்:
குணமான தொழுநோயாளிகள் பத்துப் பேர்,
திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன்.
மற்ற ஒன்பது பேர் எங்கே?
விடுதலையை வாங்கிக்கொண்டு
கொடுத்தவரை மறந்தவர்கள் என்று
பிரசங்கம் நீண்டது.
மின்விசிறி தலையாட்டியது.

எங்கே என்று எனக்குத் தெரியும், பாதர்.

வரிசையில் இருக்கிறார்கள்.
போய்க் குருக்களிடம் காட்டுங்கள் என்று
ஆண்டவர்தானே அனுப்பினார்?
தோல் ஆறினால் போதுமா,
ஆறியதென்று ஒருவர் எழுதித் தரவேண்டும்.
முத்திரை வேண்டும். இரண்டு சாட்சி வேண்டும்.
நகலெடுக்கும் கடை அன்றைக்கென்று சாத்தியிருக்கும்.
ஒன்பது பேரும் இன்னும்
எருசலேமில் நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தெலுக் இந்தான் பதிவு இலாகாவில்
எனக்கும் ஒரு நாற்காலி பழக்கம்.
பன்னிரண்டு வருஷம், நாலு மனு.
மூன்றுக்குப் பதில் வந்தது,
காரணம் வரவில்லை.
சீட்டுகளை நான் எறிவதில்லை,
ஜெபப் புத்தகத்தில் செருகி வைப்பேன்.
அந்தக் காகிதத்தில் மை நிற்காது.
இப்போது எல்லாம் வெறும் வெள்ளை.

நடுவரை விடாமல் துரத்திய கைம்பெண் கதையை
எத்தனை தடவை கேட்டிருப்பேன்.
பஸ் காசு பற்றி அதில் ஒன்றுமில்லை,
அன்றைக்கு உதிரிப்பழம் பொறுக்காமல் போன கூலி பற்றியும்.
நான் கைம்பெண்ணும் இல்லை,
இன்னாசி பக்கத்து இருக்கையில் குறட்டை விடுகிறார்.
கவுண்டர் ரொசித்தா அந்த நடுவரும் இல்லை.
"சபார் யா, அக்கா" என்பாள்.
நோன்பு மாதத்தில் ஒருநாள்
தான் குடிக்காத தண்ணீர் போத்தலை
என் பக்கம் தள்ளினாள்.
மேலே எங்கோ ஒரு கையெழுத்துக்கு
அவளும்தான் காத்திருக்கிறாள்.
தட்டுங்கள், திறக்கப்படும்.
கதவுக்கு உள்ளேயும் ஒருத்தி
தட்டிக்கொண்டிருந்தால்?

முதலில் நீல அட்டை கேட்டேன்.
பிறகு தேதி குறித்துக் கேட்டேன்.
பிறகு ஒரு வருஷம்
ஆண்டவரோடு பேச்சில்லை,
ஜெபமாலை மட்டும் உருண்டது.
இப்போது என்ன கேட்கிறேன் என்று
வாய்க்குத் தெரியாது.
விரல்தான் கேட்கிறது,
செம்பனை முள் குத்திக் காய்த்த விரல்.

திரும்பி வந்த அந்த ஒருவன் சமாரியன்.
இந்த அந்நியன் என்கிறார் ஆண்டவரே.
பாதர் அந்த இடத்தில் நிற்காமல்
அடுத்த வரிக்குப் போய்விட்டார்.
நான் நின்றுவிட்டேன்.
சமாரியனுக்கு எருசலேமில் எந்தக் கவுண்டர்?
மற்றவர்கள் உள்ளே போயிருப்பார்கள்,
இவனை வாசலிலேயே
பேர் என்ன, ஊர் என்ன என்றிருப்பார்கள்.
போக இடமில்லாதவன் வந்த வழி திரும்பினான்.
அங்கே விழுந்து கும்பிட
இரண்டு பாதம் இருந்தது,
அவை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

பூசை முடிந்து நாட்டு வாழ்த்து.
குரல் உடைகிற வயசு பெலிக்ஸுக்கு,
உச்சத்தில் பிசிறியது.
யாரோ சிரித்தார்கள்.
அவன் கடைசி வரி வரை பாடினான்.
நன்றி, ஆண்டவரே, என்றேன்.
எதற்கென்று சொல்லவில்லை,
அவரும் கேட்கவில்லை.

வெளியே நாசி லெமாக் பொட்டலம்.
குலை ஏற்றிய லாரி புழுதி கிளப்பிப் போனது.
வாளியைத் தூக்கி வந்தவனிடம் கேட்டேன்:
ஏன்டா மணலை அப்படிப் போட்டு அழுத்தினாய்?
"சாஞ்சா நம்மளத்தாம்மா சொல்லுவாங்க."

செவ்வாய்க்கிழமை, ஐந்தரை மணி பஸ்.