ஐந்தெழுத்து

எங்கள் மொழியில் ஓர் எழுத்து உண்டு.
வளைந்த முதுகு, கழுத்தில் சின்னக் குறுக்குக்கோடு.
எழுதுவோம். வாய்விட்டுச் சொல்வதில்லை.
ஃபாரோவின் தென்கோடியில் இந்தத் தீவின் பெயரில் இருக்கிறது,
வியாழன்தோறும் பல் வைத்தியரிடம் போகும்
ஹேயினின் பெயரில் நட்ட நடுவில்.

படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள் நான், ரன்வா.
ஒருமுறை பிரிண்டரில் சிக்கிய தாளை உருவினேன்.
அன்றிலிருந்து இணையதளமும் என் தலையில்.

முன்பதிவு மாட்யூல் நாங்கள் எழுதியதல்ல.
பிரேசிலில் யாரோ எழுதி
எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டது.
பெயர் உள்ளே போகும்போது ஐந்தெழுத்து,
வெளியே வரும்போது நான்கு.
கோடை வேலைக்கு வந்த டேனிஷ் பையன்
பட்டியலைப் பார்த்து "ஹைன்! ஹைன்!" என்று கத்துகிறான்.
ஹேயின் அசையவில்லை.
"யாரோ ஹைனாம், ஏறட்டும் பாவம்" என்று
காபியை ஊதிக்கொண்டிருந்தார்.
கப்பல் போயிற்று. ஹைனும் போயிருக்க வேண்டும்.

அன்றிரவு கோப்பைத் திறந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி:
அனுமதிக்கப்பட்ட எழுத்துகள்.
மண்டப வாசலில் அழைப்பிதழ் கேட்பவன் மாதிரி
ஒற்றை வரி, அவ்வளவுதான்.
எங்கள் எழுத்தை இடுக்கில் செருகினேன். சேமித்தேன்.
ஹேயின் முழுசாக வந்தார்.
யாரிடமும் சொல்லாமல் இரண்டு பிஸ்கட் தின்றேன்.

பதினாறு நாள்.
பாதுகாப்பு அப்டேட் என்று மஞ்சள் பட்டை. அமுக்கினேன்.
புது மாட்யூல் வந்து
பழையதன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.
என் எழுத்து நின்ற இடத்தில் தழும்புகூட இல்லை.
மறுபடி செருகினேன். மறுபடி மஞ்சள் பட்டை.
மூன்றாம் முறை ஆத்திரத்தில்
அப்டேட்டையே நிறுத்திவைத்தேன்.
பூட்டு உடைந்த வீட்டில் படுத்த மாதிரி
இரண்டு வாரம் தூக்கமில்லை.

பிறகுதான் அந்தக் கோப்பை
முதல் வரியிலிருந்து ஒழுங்காகப் படித்தேன்.
அவன் எழுதியதன் வயிற்றைக் கிழிக்க வேண்டியதே இல்லை.
ஆங்காங்கே கொக்கி விட்டிருக்கிறான்:
பெயரைச் சுத்தம் செய்யப் போகிறேன்,
யாருக்காவது ஏதாவது சொல்ல இருந்தால்
இப்போதே சொல்லிவிடுங்கள்.
ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நின்று கேட்கிறான்.
ஆறு வருடமாகக் கேட்டிருக்கிறான்.
நாங்கள்தான் வாயே திறக்கவில்லை.

வெளியே நின்று அந்தக் கொக்கியில் மாட்ட
எனக்கென்று ஒரு குட்டி மாட்யூல், பதினோரு வரி.
முதல் நாள் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டேன்.
தளம் முழுக்க வெள்ளை.
இந்தத் தீவுக்குக் கப்பல் வரும் என்பதற்கே அடையாளமில்லை.
நல்லவேளை, அன்று பேய்க்காற்று.
நிஜத்திலும் கப்பல் இல்லை.

அரைப்புள்ளி தேடி ஏறி இறங்கியபோது
கோப்பின் உச்சியில் அவன் பெயர் கண்ணில் பட்டது.
எஸ்தெவாவ்.
அந்தப் பெயருக்குத் தலையில் ஒரு தொப்பி உண்டாம்,
பக்கத்தெழுத்தின் மேல் ஓர் அலைக்கோடும்.
இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான்
கையெழுத்துப் போட்டிருக்கிறான்.
அவனைத் திட்டி நான் எழுதி வைத்திருந்த
மின்னஞ்சல் ஒன்று இருந்தது.
அழித்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு ஓர் ஒட்டுப் போட்டு அனுப்பினேன்:
எங்கள் எழுத்து, கூடவே அவனுடைய தொப்பியும் அலையும்.
மே மாதம் அனுப்பியது.
இப்போது மலையில் ஆடுகள் தெரியாத அளவுக்குப் பனி.
பதில் இல்லை.
அவனுக்கும் ஏதாவது அலுவலகம் இருக்கும், ஏதாவது பிரிண்டர்.

நேற்று வியாழன்.
ஹேயின் டிக்கெட்டைப் பார்க்காமலே நாலாக மடித்துப்
பையில் போட்டுக்கொண்டார்.
பையன் ஊருக்குப் போய்விட்டதால்
பட்டியலை நானே படித்தேன்,
ஐந்தெழுத்தும் கண்ணுக்கு முன்னால் இருக்க,
நடுவிலிருப்பதைச் சொல்லாமல்.

அவர் எழுந்து வந்தார்.