நாலு செக்கன்

ஒபன்பாக்கில் அந்த ஸ்டூடியோ
முன்னொரு காலம் தோல் பதனிட்ட கட்டடம்.
மழை நாளில் சுவருக்குள்ளிருந்து
மாடு மணக்கும்.
செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறுக்கு
நான் துடைக்கப் போவேன்.

முதல் பாட்டு நடந்தது இப்படி:
ஹோல்கர் வெளிக்கதவைத் திறந்துபோட்டுச்
சிகரெட் பிடித்தபடி நின்றான்.
தை மாதம்.
வாளித் தண்ணீருக்குள் கை விறைத்து
டொச்சும் மறந்துபோய்
"கதவைச் சாத்துங்கோ, குளிருது" என்றேன்.
மைக் நிற்பாட்டாமல் கிடந்திருக்கிறது.
மூன்று தரம் போட்டுக் கேட்டான்.
பிரார்த்தனையா என்றான்.
ஓம் என்றேன்.
ஏழு பத்துக்கு எனக்கு பஸ்.

கோடைக்குள் அது
பதினொரு நாடுகளில் முதலிடம்.
நெஞ்சில் குத்துகிற அடி,
நடுவில் ஒரு பள்ளம்,
எல்லாச் சத்தமும் நிற்க
என் குரல் மட்டும்:
சாத்துங்கோ. சாத்துங்கோ. குளிருது.
மயோர்க்காவில் வேர்த்து வழிந்த ஆயிரம் பேர்
கையை உயர்த்தி அதைத் திருப்பிச் சொன்னார்கள்.
டிவியில் வாயசைத்தவள்
ஹனாவ் பெட்டை, மனுவேலா,
நெற்றியில் பிளாஸ்டிக் கல்.
எனக்கு இருநூறு மார்க்.
கையில் தந்தது. கடுதாசி இல்லை.

அடுத்த மாசியில்
கொம்பனியிலிருந்து கோட்டுக்காரர் இரண்டு பேர்.
"அதே மாதிரி, ஆனால் புதிசு."
மாறி மாறி இதையே சொன்னார்கள்.
அதே அடி, அதே பள்ளம்,
கீபோர்டில் அதே நாலு சுரம்
இரண்டை மட்டும் இடம் மாற்றி,
சோபாவை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டுப்
புது வீடு என்பதுபோல.

இந்தமுறை எனக்குக் கதிரை தந்தார்கள்.
தேத்தண்ணி. தலையில் ஹெட்போன்.
"இன்னொரு பிரார்த்தனை. நாலு செக்கன்."

மூன்று இரவு யோசித்து வைத்திருந்தேன்.
சொல்ல என்னிடம் நிறைய இருந்தது,
ஊர் விட்ட கதை, வழியில் பிடிபட்ட தம்பி,
விசா நீட்டிக்கும் கந்தோரில்
என் பேரைக் கடித்துத் துப்புகிறவள்.
ஒன்றும் நாலு செக்கனுக்குள் மடியவில்லை.
சிவப்பு விளக்கு எரிந்தது.
வாயில் வந்தது:

"போனமுறை தந்தது காணாது."

ஹோல்கர் கண்ணை மூடிக்கொண்டான்.
கோட்டுக்காரர் ஒருவர்
மயிர் கூச்செறிந்த கையை
மற்றவருக்குக் காட்டினார்.

நாற்பத்தேழாவது இடம், ஒரு கிழமை.
பிறகு அதுவும் இல்லை.
ஒஸ்ரியாவில்கூட எடுபடவில்லை.
ஒஸ்லோவில் ஒரு கலியாண மண்டபத்தில்
யாரோ அதைப் போட
சாப்பாடு பரிமாறிய பெடியள்
தட்டை வைத்துவிட்டுக் கை தட்டினார்களாம்.
எங்கள் ஆட்கள் போன் எடுத்துச் சிரித்தார்கள்.
சிலர் எவ்வளவு தந்தவை என்று கேட்டார்கள்.

ஒருநாள் படிக்கட்டில் மனுவேலா.
கல் ஒட்டாத நெற்றி,
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.
நான் என்னதான் சொல்லுகிறேன் என்றாள்,
அதாவது, நீ.
சொன்னேன்.
முதலில் முழித்தாள்.
பிறகு கண் மை கன்னத்துக்கு வரும்வரை சிரித்து
"எனக்கும்தான்" என்றாள்.
திரும்பச் சொல்லச் சொன்னாள்.
காநாது, என்றாள்.
இல்லை, நாக்கை மேலே மடி.
துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு
அரை மணித்தியாலம்.
அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

புல்டாவில் ஒரு தளபாடக் கடைத் திறப்புவிழா,
உள்ளூர் டிவியில் காட்டினார்கள்.
சோபாக்களுக்கு நடுவே முப்பது பேர்,
பலூன் பிடித்த ஒரு பிள்ளை.
பள்ளம் வந்தது. எல்லாம் நின்றது.
சத்தம் என்னுடையதுதான்.
ஆனால் அந்த ணகரத்துக்கு
அவளுடைய நாக்கு
மேலே போய் மடிந்ததைப் பார்த்தேன்,
கோட்டுக்காரர் இருந்த பக்கம் திரும்பி,
வேண்டுமென்றே, மெதுவாக.